இடம் வாங்கப் போறீங்களா? முதல்ல அக்கா, தங்கச்சி கையெழுத்தைக் கேளுங்க!

சங்கரன்கோவிலில் நாலு சென்ட் இடம் விலைக்கு வருது என்று வைத்துக்கொள்வோம். அப்பா சம்பாதித்து வாங்கியது. அவர் காலமாகிவிட்டார். இப்போது பட்டா மகன் பெயரில் இருக்கிறது. வில்லங்கச் சான்றிலும் ஒரு குறையும் இல்லை. விலையும் படிஞ்சாச்சு. அட்வான்ஸ் கொடுத்துடலாமா?

கொஞ்சம் பொறுங்க. விவரமான தரகராக இருந்தால், இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பார்: "கூடப் பிறந்த பொம்பளைப் பிள்ளைங்க எத்தனை பேர்?"

இடத்துக்கும் தங்கச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? அங்கேதான் விஷயமே இருக்கு.

ஈசி என்று நாம் சொல்லும் வில்லங்கச் சான்றில், பதிவான பத்திரங்கள் மட்டும்தான் தெரியும். அப்பா உயில் எழுதாமல் இறந்தால், அந்த நிமிடமே வாரிசுகளுக்குப் பங்கு வந்துவிடும். அதை யாரும் போய்ப் பதிவு செய்வதில்லை. அதனால் ஈசியில் அது வராது. பட்டா ஒருவர் பெயரில் இருப்பதாலேயே மற்றவர்களின் பங்கு போய்விடாது.

நம்ம நாலு சென்ட்டையே எடுத்துக்குவோம். அம்மா, ஒரு மகன், இரண்டு மகள்கள் என்று மொத்தம் நான்கு வாரிசுகள். 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நான்கு பேருக்கும் சமபங்கு. மகன் மட்டும் கையெழுத்துப் போட்டால், நீங்கள் நாலு சென்ட்டுக்குப் பணம் கொடுத்து, ஒரு சென்ட்டுக்கான உரிமையைத்தான் வாங்குகிறீர்கள். மீதிக்கு கோர்ட் படி ஏற வேண்டியதுதான்.

பூர்வீகச் சொத்து என்றாலும் மகளுக்குப் பங்கு உண்டு. 1989-ல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், அப்போது திருமணமாகாத மகள்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது. 2005-ல் வந்த மத்திய அரசின் திருத்தம், திருமணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. அந்தத் திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை என்று 2020 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகப்பிரிவினை முடிந்திருந்தால் மட்டும் கணக்கு வேறு. இஸ்லாமிய, கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சட்டம் தனி. ஆனால், அங்கேயும் மகளுக்குப் பங்கு உண்டு.

சட்டம் தெளிவாக இருக்கு. வீடுகளில்தான் சிக்கல். "நகை போட்டு, சீர் செஞ்சு கட்டிக் கொடுத்தாச்சு, இன்னும் என்ன பங்கு?" என்பார்கள். நகையும் சீரும் சொத்துப் பங்குக்கு ஈடாகாது. இன்னொரு பக்கம், பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ, ஆடித்தபசுக்கு வந்து தங்க ஓர் இடம் இல்லாமல் போய்விடுமோ என்று மகள்கள் வாயைத் திறப்பதில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கிரயம் முடிப்பதுதான் ஆபத்து.

தரகருக்கும் இது தர்மசங்கடம். கிரயம் முடிந்தால்தான் கமிஷன். கேள்வி கேட்டால் பார்ட்டி கோபித்துக்கொண்டு வேறு தரகரிடம் போகலாம். கேட்காமல் விட்டால், ஏமாந்தவர் நாளைக்கு ரத வீதியில் எதிரே வருவார். சின்ன ஊரில் தரகருக்குப் பெயர்தான் முதலீடு.

ரெரா சட்டம் இருக்கே என்று நினைக்காதீர்கள். அது லேஅவுட், அடுக்குமாடி மாதிரியான புதுத் திட்டங்களுக்கும், அவற்றை விற்கும் ஏஜென்ட்டுகளுக்கும்தான். ஒரு குடும்பம் தன் பழைய இடத்தை விற்பது அதில் வராது. அதனால் நீங்களே கேட்க வேண்டியவை இவை:

* தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்று. இறந்துபோன மகள் இருந்தால், அவருடைய பிள்ளைகளும் வாரிசுகள்தான்.

* அதில் உள்ள எல்லோரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால், பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதியது செல்லாது.

* வாரிசுகளில் மைனர் இருந்தால் கோர்ட் அனுமதி தேவைப்படலாம். வக்கீலிடம் கேட்காமல் அட்வான்ஸ் வேண்டாம்.

* முடிந்தால் அந்த அக்கா, தங்கச்சியிடம் ஒரு வார்த்தை நேரில் பேசுங்கள். விற்கச் சம்மதமா, பங்குப் பணம் கைக்கு வருகிறதா என்று தெரிந்துவிடும்.

10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் சலுகை என்று தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 1 முதல் அறிவித்தது. வாங்கும்போது "வீட்டுக்காரி பேர்ல போட்டுடுங்க" என்று தேடி வந்து சொல்கிறோம். விற்கும்போதும் கூடப் பிறந்தவளை அதேபோலக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டால், வாங்குபவருக்குச் சொத்து நிம்மதியாகக் கைக்கு வரும். அவளுக்கும் சேர வேண்டியது போய்ச் சேரும்.