தெருவிலும் பந்தயத் தடத்திலும் ஓடும் காருக்கான மாற்றுத் தொங்கலமைப்பு

மாற்றுத் தொங்கலமைப்பு என்பது, கார் தயாரித்த நிறுவனம் பொருத்தி அனுப்பிய சுருள்வில், அதிர்வடக்கி முதலிய பாகங்களைக் கழற்றிவிட்டு, வேறு தயாரிப்பாளர்கள் தனியே விற்கும் பாகங்களைப் பொருத்துவதாகும். பணிமனைகளில் இதனைச் சஸ்பென்ஷன் மாற்றுதல் என்றே சொல்வர். வார நாட்களில் வேலைக்குச் சென்றுவரவும், எப்போதாவது ஒரு நாள் கட்டணம் செலுத்திப் பந்தயத் தடத்தில் ஓட்டவும் ஒரே காரைப் பயன்படுத்துவோர் பல நாடுகளில் உள்ளனர். இத்தகைய தட நாட்கள் பந்தயங்கள் அல்ல. பரிசும் இல்லை, பழுது பார்க்கும் குழுவும் இல்லை. காலையில் தடத்திற்குச் சென்ற அதே கார்தான் மாலையில் மழைபெய்தாலும் பள்ளமிருந்தாலும் வீடு திரும்ப வேண்டும். பாகங்களைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள சிக்கல் முழுவதும் இதில்தான் அடங்கியுள்ளது.

பாகங்களும் அவற்றின் வேலையும்

சுருள்வில் காரின் எடையைத் தாங்குகிறது. சாலை மேட்டில் சக்கரம் ஏறும்போது சுருங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. வாங்கிய ஆற்றலை அது வைத்துக்கொள்வதில்லை, உடனே திருப்பித் தருகிறது. அதனால் கார் மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தை, எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே செலுத்தி வெப்பமாக மாற்றி அடக்குவது அதிர்வடக்கி. இதைத்தான் ஷாக் அப்சார்பர் என்கிறார்கள். அதிர்ச்சியை உண்மையில் ஏற்பது சுருள்வில்லே என்பதால், அந்தப் பெயர் சற்றே பிழையானது. ஆன்டி ரோல் பார் எனப்படும் முறுக்குத் தண்டு இடச் சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் இணைத்து, வளைவில் கார் பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கிறது. சுருங்கும் தொலைவு தீர்ந்துபோகும்போது உலோகம் உலோகத்தில் மோதாமல் காப்பது பம்ப் ஸ்டாப் என்னும் நுரைமக் கட்டை. இவற்றோடு, இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்களும் சேர்ந்ததே தொங்கலமைப்பு.

கடினமான சுருள்வில் போட்டால் வளைவில் எடை வெளிப்பக்கம் போகாது என்று பரவலாக நம்பப்படுகிறது. இது சரியன்று. வளைவில் உள் சக்கரங்களிலிருந்து வெளிச் சக்கரங்களுக்கு மாறும் மொத்த எடையைத் தீர்மானிப்பவை காரின் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், இடவலச் சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம், வளைவின் வேகம் ஆகியவை. 1000 கிலோ எடையும், 0.5 மீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையமும், 1.4 மீட்டர் சக்கர அகலமும் கொண்ட கார், புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமான பக்கவாட்டு முடுக்கத்தில் திரும்பினால், ஏறத்தாழ 357 கிலோ எடை வெளிப்பக்கம் மாறும். மெத்தென்ற சுருள்வில்லானாலும் இரும்புபோன்ற சுருள்வில்லானாலும் இந்த எண் பெரிதாக மாறாது. மாறுவன இரண்டு: எவ்வளவு சாய்கிறது என்பதும், முன்னும் பின்னும் அந்த எடை எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதும்.

அந்தப் பங்கீடு முக்கியமானது. ஒரு டயரின் மேல் எடையை இரட்டித்தால் பிடிப்பு இரட்டிப்பாவதில்லை, அதைவிடச் சற்றுக் குறைவாகவே கூடும். ஆகவே எந்த அச்சில் எடைமாற்றம் அதிகமோ அந்த அச்சு முதலில் பிடிப்பை இழக்கும். முன்பக்கத்தை மட்டும் கடினமாக்கினால் கார் திரும்ப மறுத்து நேராகப் போக முயலும்; பின்பக்கத்தை மட்டும் கடினமாக்கினால் வால்பகுதி வெளியே வீசும். தடத்தில் இரண்டாவது சிலருக்கு மகிழ்ச்சி தரலாம். ஈரமான நெடுஞ்சாலையில் திடீரென்று தடம் மாற நேரும்போது அதுவே விபத்தாகும்.

எவ்வளவு கடினம் போதும்

சுருள்வில்லின் கடினத்தைக் கிலோ/மில்லிமீட்டர் என்ற அலகில் விற்கிறார்கள். ஒரு காருக்கு 6 என்றால் இன்னொரு காருக்கும் 6 பொருந்தும் என்று கொள்ள முடியாது. எடையும் வேறு, சுருள்வில் பொருத்தப்பட்டுள்ள இடமும் வேறு. இரு கார்களை ஒப்பிட உதவும் அளவு இயல் அதிர்வெண். அதாவது, அதிர்வடக்கி இல்லாவிட்டால் காரின் உடல் ஒரு நொடியில் எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பது. வசதிக்காக வடிவமைக்கப்பட்ட கார்களில் இது 1 ஹெர்ட்ஸை ஒட்டியிருக்கும். விளையாட்டுக் கார்களில் 1.5 அளவில் இருக்கும். காற்றழுத்த இறக்கைகள் இல்லாத பந்தயக் கார்களில் 2 முதல் 2.5 வரை செல்லும். தெருவுக்கும் தடத்துக்கும் பொதுவான கார் 1.7 முதல் 2 வரை நிற்பது நல்லது. 2ஐத் தாண்டினால் தினமும் ஓட்டுபவரின் முதுகு அதை ஒத்துக்கொள்ளாது.

1989இல் வெளிவந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5ஐ எடுத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ ஒரு டன் எடை, முன்னே எஞ்சின், பின்சக்கர இயக்கம், நான்கு மூலைகளிலும் இரட்டை விஷ்போன் அமைப்பு என இருக்கும் இந்தச் சிறிய கார் தட நாட்களில் அடிக்கடி காணப்படுவது. ஓட்டுநருடன் சேர்த்து, சக்கரங்களின் எடையைக் கழித்து, ஒரு மூலைக்கு 230 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1.4 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் சக்கரத்தில் உணரப்படும் கடினம் 1.8 கிலோ/மில்லிமீட்டர், 2 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் 3.7. அதிர்வெண் ஒன்றரை மடங்குகூட உயரவில்லை, கடினமோ இரண்டு மடங்காகிவிட்டது. காரணம், கடினம் அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது.

சக்கரத்தில் உணரப்படும் கடினமும் சுருள்வில்லின் கடினமும் ஒன்றல்ல. விஷ்போன் அமைப்பில் சுருள்வில் சக்கரத்திலிருந்து உள்ளே தள்ளி அமைகிறது. சக்கரம் 10 மில்லிமீட்டர் நகரும்போது சுருள்வில் 7 மில்லிமீட்டர் மட்டுமே சுருங்கினால் விகிதம் 0.7. இதன் இருமடி 0.49. ஆகவே சக்கரத்தில் 3.7 கிடைக்க, 3.7ஐ 0.49ஆல் வகுத்து, ஏறத்தாழ 7.5 கிலோ/மில்லிமீட்டர் சுருள்வில்லை வாங்க வேண்டும். மேக்பெர்சன் ஸ்ட்ரட் கொண்ட கார்களின் முன்பக்கத்தில் இந்த விகிதம் 1ஐ நெருங்குவதால், அங்கே இதே 7.5 போட்டால் வண்டி கட்டைவண்டியாகிவிடும். நண்பரின் காரில் இருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குவோர் ஏமாறுவது இங்கேதான்.

அதிர்வடக்கியே முதன்மை

பணம் குறைவாக இருந்தால் சுருள்வில்லில் மிச்சம் பிடிக்கலாம், அதிர்வடக்கியில் மிச்சம் பிடிக்கக் கூடாது. கடினமான சுருள்வில் அதிக விசையோடு திரும்பி எழும். சுருள்வில் கடினம் இரட்டிப்பானால் அதே அளவு ஆட்டத்தை அடக்க, அதிர்வடக்கியின் தடை ஏறக்குறைய 1.4 மடங்காக வேண்டும். பழைய அதிர்வடக்கியின் மேல் புதிய கடின சுருள்வில்லை மாட்டினால், கார் குள்ளமாக அழகாகத் தெரியும். மேட்டில் ஏறியதும் இரண்டு மூன்று முறை குதிக்கும். குதிக்கும் டயர் அந்தக் கணத்தில் சாலையைப் பிடிப்பதில்லை; பிரேக்கும் அப்போது வேலை செய்யாது.

அதிர்வடக்கிகள் இரட்டைக் குழாய், ஒற்றைக் குழாய் என இரு வகைப்படும். ஒற்றைக் குழாயில் எண்ணெயும் உயர் அழுத்த வாயுவும் மிதக்கும் ஒரு பிஸ்டனால் பிரிக்கப்பட்டுள்ளன. எண்ணெயில் நுரை எழாது. வெப்பம் நேரடியாக வெளிச்சுவர் வழியே காற்றுக்குச் செல்லும். இருபது நிமிடம் தொடர்ந்து தடத்தில் ஓட்டினாலும் தடை தளராதிருப்பது இதனாலேயே. 1950களில் பில்ஸ்டீன் நிறுவனம் இவ்வகையைப் பெருமளவில் தயாரித்து மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்கு வழங்கியது. இதன் குறை, குழாய் நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். அதே நீளத்தில் நகர்வுத் தொலைவும் குறைவு. நன்கு செய்யப்பட்ட இரட்டைக் குழாய், மலிவாகச் செய்யப்பட்ட ஒற்றைக் குழாயைவிட மேலானது.

திருகுகளைப் பற்றிய மயக்கமும் உண்டு. 32 படிகள் சரிசெய்யலாம் என்று விளம்பரம் வரும். அவற்றில் முதல் பத்துப் படிகளில் எதுவும் மாறாமலும், கடைசி மூன்றில் எல்லாம் மாறுவதுமாக இருக்கும் பொருள்களும் சந்தையில் உள்ளன. தயாரிப்பாளர் சோதனை இயந்திர வரைபடத்தைத் தருகிறாரா, நான்கு அதிர்வடக்கிகளும் ஒரே அளவைக் காட்டுகின்றனவா, தேய்ந்தால் பிரித்துச் சீர்செய்ய முடியுமா என்று கேட்பதே பயனுள்ளது. ஒரே திருகு உள்ளவற்றில் பெரும்பாலும் நீளும்போது உள்ள தடையே மாறும். கேடபிள்யூ நிறுவனத்தின் வேரியன்ட் 1 உயரத்தை மட்டும் மாற்ற உதவுவது; வேரியன்ட் 2 நீளும் தடையையும், வேரியன்ட் 3 சுருங்கும் தடையையும் சேர்த்து மாற்ற உதவுவது. ஆண்டுக்கு மூன்று நான்கு தட நாட்கள் செல்பவருக்கு ஒரு திருகே அதிகம்.

தாழ்த்துவதன் விலை

காரைத் தாழ்த்தினால் ஈர்ப்பு மையம் இறங்கும், எடைமாற்றம் குறையும் என்பது உண்மை. ஆனால் மேக்பெர்சன் அமைப்பில் ஒரு சிக்கல் எழுகிறது. கிடையாக இருந்த கீழ்க்கை, காரை மிகவும் தாழ்த்தும்போது சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்போது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தச் சாய்வு மையம், ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழிறங்குகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு கூடுவதால், தாழ்ந்த கார் முன்பைவிட அதிகமாகச் சாய முற்படும். ஸ்டியரிங் இணைப்புத் தண்டின் கோணமும் மாறி, மேடுபள்ளத்தில் சக்கரம் தானாகவே திரும்பும். 20 அல்லது 25 மில்லிமீட்டருக்கு மேல் தாழ்த்துவோர் பந்து இணைப்புகளையும் மாற்ற வேண்டியிருப்பது இதனால்தான்.

அடுத்தது நகர்வுத் தொலைவு. எம்எக்ஸ்-5இல் தொடக்கத்திலிருந்தே இது தாராளமாக இல்லை. 30 மில்லிமீட்டர் தாழ்த்தினால் பம்ப் ஸ்டாப்பை எட்ட இருக்கும் இடைவெளியில் பெரும்பகுதி போய்விடும். வளைவின் நடுவே பம்ப் ஸ்டாப் அழுந்தினால் அந்த மூலையின் கடினம் நொடியில் பல மடங்காகி, கார் எச்சரிக்கையின்றி வழுக்கும். பில்ஸ்டீனின் பி6 வகை சாதாரண உயரத்துக்கும், பி8 வகை தாழ்த்திய சுருள்வில்லுக்கென நீளம் குறைத்தும் செய்யப்படுவது இதைக் கருதியே. இருக்கும் சுருள்வில்லின் சுற்றுகளை அறுத்துக் காரைத் தாழ்த்துவது இன்னும் மோசம். அதிர்வடக்கி முழுதாக நீளும்போது சுருள்வில் தன் இருக்கையிலிருந்து நழுவிவிடக்கூடும்.

காயில் ஓவர் எனப்படும் திருகு உடல் கொண்ட தொகுப்பில் உயரத்தை மாற்றலாம். வளையத்தைத் திருகி முன்அழுத்தம் கொடுத்தால் சுருள்வில் கடினமாகும் என்பது தவறு. சீரான சுருள்வில்லின் கடினம் அப்படியேதான் இருக்கும். கார் உயர மட்டும் செய்யும்.

தடத்திற்கு ஏற்ற தேர்வு

எல்லாத் தடங்களும் வழவழப்பானவை அல்ல. ஜெர்மனியில் 1927இல் திறக்கப்பட்ட நூர்பர்க்ரிங்கின் 20.8 கிலோமீட்டர் வடக்குச் சுற்று, குறிப்பிட்ட நாட்களில் கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுகிறது. அந்த நேரங்களில் அது ஒருவழிப் பொதுச்சாலை. போக்குவரத்து விதிகள் அங்கும் செல்லும், சாலைப் பதிவுள்ள வண்டிகளே நுழையலாம். ஃபுக்ஸ்ரோரெ பள்ளத்தில் கார் முழு வேகத்தில் இறங்கி அழுந்தும்; கருசெல் வளைவின் கான்கிரீட் பலகைகள் பல்லை ஆட்டும். வழவழப்பான குறுந்தடத்தில் சிறப்பாக ஓடிய கடின அமைப்பு இங்கே டயரைத் தரையில் வைத்திருக்கத் தவறும். மிதமான சுருள்வில்லும் நல்ல அதிர்வடக்கியும் கொண்ட கார் இங்கே வேகமாகவும் இருக்கும், வீட்டுச் சாலைக்கும் பொருந்தும்.

ஜெர்மனியில் மாற்றுப் பாகத்துக்கு உரிய சான்று இல்லாவிட்டால் காரின் இயக்க அனுமதியே பறிபோகும். டிஊஃப் போன்ற அமைப்புகள் அதனைச் சோதித்து ஆவணத்தில் பதிவதும் உண்டு. இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் மாற்றுவதும் இழப்பீடு கேட்கும்போது தொல்லையாக முடியும்.

பொருத்திய பின்

புதிய பாகங்களைப் பொருத்தும்போது ரப்பர் புஷ்களின் திருகுகளை, கார் தன் எடையில் சக்கரங்களின் மேல் நிற்கும் நிலையில்தான் இறுக்க வேண்டும். தூக்கியின் மேல் சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுகியபடியே இருந்து சில மாதங்களில் கிழியும். பிறகு சக்கரக் கோணங்களைச் சரிபார்க்க வேண்டும். தடத்திற்குச் சக்கரத்தின் மேற்பகுதி 2 முதல் 3 பாகை உட்புறம் சாய்ந்திருப்பது நல்லது. தெருவில் 1 முதல் 1.5 போதும். உட்சாய்வு டயரின் உள்விளிம்பைத் தேய்க்கும் என்று பலர் அஞ்சுவர். சக்கரங்கள் ஒன்றையொன்று நோக்கியோ விலகியோ திரும்பியிருக்கும் டோ கோணம் சரியாக இருந்தால் அந்தத் தேய்மானம் மிதமாகவே இருக்கும். டயரை விரைவில் தின்பது டோதான்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் சுருள்வில்கள் சற்றுப் படியும். அப்போது உயரத்தையும் கோணங்களையும் மறுபடி அளந்து, எல்லாத் திருகுகளையும் முறுக்குமானியால் சோதித்த பிறகே முதல் தட நாளுக்குச் செல்வது முறை. திருகு உடலில் உப்பும் சேறும் படிந்தால் வளையங்கள் இறுகிவிடும். குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவும் நாடுகளில் ஓடும் காருக்குத் துருப்பிடிக்காத எஃகு உடல் கொண்ட தொகுப்பே ஏற்றது.