பொருத்து வீடும் அச்சு வீடும்: ‘மலிவு’ என்னும் கருத்து பற்றிய சில சிந்தனைகள்

‘வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்’ என்னும் பழமொழி நம்மிடையே பெருவழக்கிலுள்ளது. வீடு கட்டுவதிலுள்ள அலைச்சலைக் கூறும் அனுபவ மொழியாகவே இதனைக் கொள்வர். சற்றுக் கூர்ந்து நோக்குமிடத்து, இப்பழமொழி ஒரு குறிப்பிட்ட உற்பத்தி முறையைச் சுட்டி நிற்பதை உணரலாம். குடியிருப்போரே கட்டுவிப்போராகவும், மேசனுக்குக் கையாளாகவும், ஈற்றிற் கடன்காரராகவும் இருக்கின்ற சமூகத்திலேதான் இத்தகைய மொழி தோன்ற முடியும். தொழிற்சாலையிற் செய்யப்பட்டுப் பாரவண்டியில் வந்திறங்கும் பொருத்து வீட்டுக்கோ, இயந்திரம் சாந்தை அடுக்கடுக்காகப் பிதுக்கி எழுப்பும் அச்சு வீட்டுக்கோ இது பொருந்தாது. அவற்றின் கவர்ச்சியும் இங்கேயே தோன்றுகின்றது. கட்டிப் பார்க்கும் துன்பத்திலிருந்து விடுதலை தருவதாக அவை வாக்களிக்கின்றன. அவ்விடுதலையின் விலை யாது, அதனைச் செலுத்துவோர் யாவர் என்பவற்றைத் திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்திலிருந்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொருத்திக் கட்டும் முறை இப்பிரதேசத்துக்குப் புதியதன்று. பிரித்தானியக் கடற்படையின் தேவைக்காக 1920களிலும் 1930களிலும் எழுப்பப்பட்ட சீனக்குடா எண்ணெய்க் குதங்கள் உருக்குத் தகடுகளைப் பொருத்தி ஆக்கப்பட்டவையே. அவற்றுள் 99 இன்றும் காட்டிடையே நிற்கின்றன. ஒரே அளவினதான உறுப்புகளைக் கொண்டு விரைவாகவும் பெருந்தொகையாகவும் கட்டும் ஆற்றல் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இத்துறைமுகத்தில் இருந்தது. அது பேரரசின் எண்ணெயைக் காப்பதற்குப் பயன்பட்டது. ஒரு தொழில்நுட்பம் எதற்குப் பயன்படும் என்பதை அத்தொழில்நுட்பமே தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதே துறைமுகத்தின் தெற்கே கொட்டியாரக் குடாவின் கரையிலுள்ளது சம்பூர். 2006ஆம் ஆண்டு போரினால் இவ்வூர் மக்கள் முற்றாக இடம்பெயர்ந்தனர். கிளிவெட்டி முதலிய இடங்களிலுள்ள முகாம்களில் அவர்கள் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். அவர்களது நிலம் உயர் பாதுகாப்பு வலயமாகவும், முதலீட்டு வலயமாகவும், அனல் மின்னிலையத்துக்குரிய இடமாகவும் பல்வேறு பெயர்களில் அவர்களிடமிருந்து விலக்கி வைக்கப்பட்டது. 2015இல் 818 ஏக்கரும், 2016இல் கடற்படை வசமிருந்த நிலமும் விடுவிக்கப்பட்டன. பத்தாண்டுகளின் பின் தம் வளவுக்குத் திரும்பியோர் அங்கு வீட்டைக் காணவில்லை. அத்திவாரத்தின் எச்சத்தையும் பற்றைக் காட்டையுமே கண்டனர். தகரக் கொட்டிலில் ஒரு மாரியைக் கழிக்க நேர்ந்தவருக்கு ‘சில நாட்களில் வீடு’ என்னும் சொல் வெறும் விளம்பரமாகத் தோன்றாது. பொருத்து வீட்டை விமரிசிப்போர் இவ்வுண்மையை முதலில் மனங்கொள்ளல் வேண்டும்.

இச்சூழலிலேயே வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு 65,000 பொருத்து வீடுகளை அமைக்கும் திட்டம் 2015ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அரசினால் முன்வைக்கப்பட்டது. லக்சம்பேர்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர்செலர் மித்தல் என்னும் உலகப் பெரும் உருக்கு நிறுவனம் இதற்குத் தெரிவாயிற்று. முதலிற் கூறப்பட்ட விலை வீடொன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. மொத்தச் செலவு நூறு கோடி டொலரை அண்மியது. அது வெளிநாட்டுக் கடனாகவே வரவிருந்தது. சூரிய மின்கலம், தொலைக்காட்சி, கணினி, தளபாடம் ஆகியனவும் வீட்டுடன் வழங்கப்படும் எனப்பட்டது. யாழ்ப்பாணத்தில் மாதிரி வீடுகளும் அமைக்கப்பட்டன.

இதனை வேறொரு திட்டத்துடன் ஒப்பிடுவது பயனுடையது. 50,000 வீடுகளுக்கான இந்திய வீடமைப்புத் திட்டத்தில், 2012 முதல், பயனாளிக்கு 5,50,000 ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. அவரே சீமெந்துக் கல்லால் தம் வீட்டைக் கட்டினார். அத்தொகை போதாதிருந்தது உண்மையே. எனினும் 2016இன் விலைவாசியில் பத்து இலட்சம் ரூபாவுக்குள் நல்ல கல்வீடு அமையும் எனப் பொறியியலாளரும் பொருளியலாளரும் சுட்டிக்காட்டினர். அக்கணக்கின்படி ஒரு பொருத்து வீட்டின் விலைக்கு இரு கல்வீடுகள் அமையும். உருக்கு வீட்டின் அத்திவாரம், காற்றோட்டம், அடுப்படி வசதி என்பன குறித்து மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர் குறைகள் கூறினர். உப்புக் காற்று வீசும் கரையோரத்தில் இரும்பு துருவேறும் என்பதைச் சொல்ல ஆய்வும் வேண்டியதில்லை. எதிர்ப்பு வலுத்தபோது விலை குறைக்கப்பட்டது. பின்னர் திட்டம் கைவிடப்பட்டது. யாழ்ப்பாண மாவட்டத்தில் சீன நிறுவனமொன்று 40,000 வீடுகளைக் கட்டுவதற்கென 2018இல் எழுந்த திட்டமும், மக்கள் கல்வீட்டையே வேண்டி நின்றதனால், நிறைவேறவில்லை.

தொழிற்சாலை உற்பத்தி பொருளை மலிவாக்கும் என்பது பொதுவிதி. அவ்வாறாயின் இங்கு விலை ஏன் இருமடங்காயிற்று? விடை மூலதனத்தின் அமைப்பிலேயே உண்டு. மேசனின் கரணையும் மட்டப் பலகையும் பத்து வீட்டுக்கும் உதவும். ஒரு வீட்டுக்கும் உதவும். வீடு செய்யும் தொழிற்சாலையோ பெருந்தொகையான மாறா மூலதனத்தை விழுங்குவது. இடைவிடாத பெருங்கட்டளைகள் கிடைத்தாலன்றி அம்மூலதனம் மீளாது. 2015இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்று இருநூறு கோடி டொலர் வரையிலான முதலீட்டை ஈர்த்த கற்றெரா என்னும் பொருத்து வீட்டு நிறுவனம் 2021இல் முறிவடைந்தமை இத்துறையின் இடர்ப்பாட்டைக் காட்டுகின்றது. பல்லாயிரம் வீடுகளை ஒரே ஒப்பந்தத்திற் கோருவது, ஆகவே, பயனாளியின் தேவையிலிருந்து மட்டும் பிறப்பதன்று. அது தொழிற்சாலையின் தேவையுமாகும்.

இரண்டாவது காரணி பணம் செல்லும் திசை. கல்வீட்டுக்குச் செலவாகும் பணத்தின் கணிசமான பகுதி மேசனுக்கும் தச்சனுக்கும் கல்லரிபவனுக்கும் மணல் ஏற்றுபவனுக்கும் கூலியாகிப் பிரதேசத்திலேயே சுழல்கின்றது. சீமெந்தும் பெரும்பாலும் இறக்குமதியைச் சார்ந்ததே. திருகோணமலையில் அரைக்கப்படும் சீமெந்துக்கும் அதன் மூலப்பொருளான கிளிங்கர் கப்பலிலேயே வருகின்றது. ஆயினும் வீடு முழுவதும் கப்பலில் வருவதும் அதன் ஒரு பகுதி வருவதும் ஒன்றல்ல. 2016இல் ஏறத்தாழ 145 ரூபாவாக இருந்த டொலர் 2022இல் 360 ரூபாவைத் தொட்டது. அந்நூறு கோடி டொலர் கடனை நாடு ஏற்றிருப்பின், அதன் சுமை ரூபாக் கணக்கில் எவ்வளவாகப் பெருகியிருக்கும் என்பதை எவரும் கணித்துக்கொள்ளலாம். 2016இல் எழுதப்பட்ட விலை வீட்டின் முழு விலையாக இருக்கவில்லை.

இவ்வாறு கூறுவதனாற் கல்வீட்டுத் திட்டங்களைக் குறைகளற்றவை எனக் கொள்ளலாகாது. ‘உரிமையாளரே கட்டும் வீடு’ என்னும் இனிய சொற்றொடருக்குள் ஊதியமற்ற உழைப்பு மறைந்திருக்கின்றது. 1984இல் இலங்கை அரசு தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டமும் சிறு கடனையும் மக்களின் சுய உழைப்பையுமே ஆதாரமாகக் கொண்டது. அரசு தன் பொறுப்பைக் குறைத்துக்கொள்ள இது வழிவகுக்கும் என்னும் இடதுசாரி விமரிசனம் இன்றும் பொருத்தமானதே. மானியம் போதாத நிலையிற் பல குடும்பங்கள் நகையை அடகு வைத்தன, கடன்பட்டன. போரிற் கணவனை இழந்த பெண், கல் சுமந்து, மேசனைத் தேடி அலைந்து, கடனையும் சுமக்கும்போது, ‘பங்கேற்பு’ என்னும் சொல் அவளது களைப்பை மூடும் திரையாகிவிடக் கூடாது. மகாவலி கடலொடு கலக்கும் பகுதிகளில் மணல் அகழ்வு ஆற்றங்கரையை அரித்து வருவதும் கல்வீட்டின் கணக்கிற் சேரவேண்டியதே.

அப்படியாயின் தொழிற்சாலை வீடு எக்காலத்தும் மக்களுக்கு எதிரானதா? வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1950களின் பிற்பகுதியிலிருந்து சோவியத் ஒன்றியத்தில் வார்ப்புப் பலகைகளாலான அடுக்கு மாடிகள் பெருந்தொகையாக எழுந்தன. அவை ஒருசீரானவை, நெருக்கமானவை, அழகு குறைந்தவை என்பதெல்லாம் மெய்யே. ஆயினும் கூட்டு அறைகளில் ஒடுங்கிக் கிடந்த கோடிக்கணக்கானோர் குறைந்த வாடகையில் தனி வீடு பெற்றனர். அங்கு தொழிற்சாலை பொதுவுடைமையாக இருந்தது. பொதுவுடைமை மட்டும் போதாது என்பதற்கு டெல்லி உதாரணமாகின்றது. பிரிவினை அகதிகளுக்கென இந்திய அரசு ஒற்றோ கோனிக்ஸ்பேர்கரின் முன்முயற்சியில் அங்கு அமைத்த வீட்டுத் தொழிற்சாலையிற் செய்த கொங்கிறீற்றுப் பலகைகள் வெடித்தன; திட்டம் தோல்வியுற்றது. உடைமையுடன் உள்ளூர்ச் சூழலுக்கேற்ற பரிசோதனையும் தேவை என்பதை இவ்விரண்டும் உணர்த்துகின்றன.

அண்மைக் காலத்து அச்சு வீட்டையும் இவ்வடிப்படையிலேயே மதிப்பிட வேண்டும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலிருந்து தோன்றிய துவஸ்தா நிறுவனம் 2021இல் அவ்வளாகத்தில் 600 சதுர அடி வீடொன்றை அச்சிட்டது. 2023இல் பெங்களூரில் 1,021 சதுர அடி அஞ்சலகமொன்று ஏறத்தாழ 23 இலட்சம் இந்திய ரூபாவில் ஆறு வாரங்களளவில் முடிக்கப்பட்டது. இவை பாராட்டத்தக்க சாதனைகள். ஆனால் அச்சிடப்படுவது பெரும்பாலும் சுவரே. கூரை, கதவு, குழாய், மின்னிணைப்பு யாவும் பழைய கைகளையே எதிர்பார்க்கின்றன. வீட்டுச் செலவில் சுவர் ஒரு பகுதி மட்டுமே என்பதால், சுவரிற் பெறும் மிச்சம் முழு வீட்டின் மிச்சமாகிவிடாது. டெக்சாசின் ஜோர்ஜ்ரவுனில் அச்சிடப்பட்ட நூறு வீடுகள் நாலரை இலட்சம் டொலரளவிலிருந்து விற்கப்பட்டன. உற்பத்திச் செலவு குறைந்தாலும், அது வாங்குவோனைச் சேருமா, இலாபத்தைச் சேருமா என்பதைச் சந்தையும் நிலவுடைமையுமே முடிவுசெய்கின்றன. வீட்டுப் பிரச்சினையைத் தனியே தீர்க்க முயல்வோரை நோக்கி ஏங்கெல்ஸ் 1872இல் எழுப்பிய ஐயம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

‘குடி’ என்னும் சொல் நம் மொழியில் மனையையும் குடும்பத்தையும் ஆளப்படும் மக்களையும் ஒருங்கே குறிக்கும். வீடு என்பது நிலத்தின் மீதான உரிமையுடனும் ஊராரின் உறவுடனும் பிணைந்தது என்னும் உணர்வு இச்சொல்லிற் படிந்துள்ளது. புதிய வீட்டுக்குக் குடிபூரும் குடும்பம் சில ஆண்டுகளில் ஒரு விறாந்தையை இறக்கும். மகளின் கலியாணத்துக்கு ஓர் அறையைச் சேர்க்கும். ஊர் மேசனாலே திருத்தவும் கூட்டவும் முடியாத வீடு இத்தகைய வாழ்க்கைக்கு இடந்தராது. இனியொரு திட்டம் வரும்போது அதன் அச்சு வேகத்தையும் மாதிரி வீட்டின் பளபளப்பையும் காணுமுன் நாம் கேட்கவேண்டியவை சில உள: கடன் எந்த நாணயத்தில்? கூலி எவரின் கைக்கு? இடிந்தாற் திருத்துபவர் யார்? நிலத்தின் உறுதி யாருடைய பெயரில்? சம்பூர் மக்கள் பத்தாண்டு காலம் முகாமிலிருந்து கேட்டது இவற்றுள் இறுதியானதையே. அதற்கு விடை கிடைத்த பின்னரே சுவரைப் பற்றிய பேச்சு அவர்களுக்குச் சாத்தியமாயிற்று.