கொக்கி எண்ணும் கணக்கு

சென்னை கொடுங்கையூர் குப்பைமேடு 300 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது. அதில் கிழிந்த வேட்டி, அட்டைப்பெட்டி, தேங்காய் நார் என எதைக் கிளறினாலும் செல்லுலோஸ். எத்தனை மழை பெய்தாலும் அது கரையாது. ஆனால் பஞ்சைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து மோனோகுளோரோ அசிட்டிக் அமிலத்தோடு சேர்த்தால், தண்ணீரில் கரைந்து கொழகொழக்கும் சிஎம்சி (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) கிடைக்கும். சலவைத் தூளிலும் ஐஸ்கிரீமிலும் பாவு நூலுக்கான கஞ்சியிலும் சேர்வது இதுதான்.

செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் வளையங்கள் கோத்த சங்கிலி. வளையத்துக்கு மூன்று ஹைட்ராக்சில் கொக்கிகள். அமிலத்திலிருந்து வந்த புதிய தொகுதி வளையத்துக்குச் சராசரியாக எத்தனை கொக்கியில் மாட்டியிருக்கிறது என்பதே பதிலீட்டு அளவு. 0.7 என்றால் பத்து வளையத்துக்கு ஏழு. 0.4-க்குக் கீழே போனால் தூள் உப்பிக் கிடக்குமே தவிர சரியாகக் கரையாது.

இந்தச் சிறு எண் எவ்வளவு பெரியது என்பதற்கு நீலகிரி அருவங்காட்டின் கார்டைட் ஆலையைச் சொல்வேன். அங்கே செல்லுலோஸில் மாட்டுவது நைட்ரேட். நைட்ரஜன் சுமார் 12 சதவீதம் என்றால் அது மரச்சாமான் வார்னிஷுக்கான சரக்கு. 13-ஐத் தாண்டினால் வெடிமருந்து. இடைவெளி வளையத்துக்கு அரைக் கொக்கிகூட இல்லை.

பதிலீட்டு அளவை அறிய, சிஎம்சியை எரித்துச் சாம்பலில் சோடியத்தை அளப்பது எளிய வழி. ஆனால் தயாரிப்பில் தங்கிய சாதா உப்பின் சோடியமும் கணக்கில் ஏறிவிடும். நான் நம்புவது பியூரெட்டை. நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலில் தூளைக் கலக்கிச் சோடியத்தை நீக்கி, நன்றாக அலசி உலர்த்தி, அளந்த காஸ்டிக் சோடாவில் கரைத்து, மிஞ்சிய காரத்தை அமிலத்தால் அளக்க வேண்டும். பினாப்தலீனின் இளஞ்சிவப்பு மறையும் சொட்டில் விடை. அலசாமல் விட்ட அமிலமும் காரத்தைத் தின்னும். எண் பொய்யாக உயரும்.

இரண்டு முறையும் சராசரியைத்தான் சொல்லும். தொகுதி மாட்டியது இரண்டாம் கார்பனிலா, மூன்றாவதிலா, ஆறாவதிலா என்று தெரிய வேண்டுமானால் என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்திசைவு) வேண்டும். ஆய்வாளருக்கு அது அவசியம்; சலவைத் தூள் பட்டறைக்கு வீண்செலவு.

எந்த முறை நல்லது என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது, தூளை 80 சதவீத ஆல்கஹாலில் கழுவினீர்களா என்றுதான். உப்பு அதில் போய்விடும், சிஎம்சி நிற்கும். கழுவிய நீரில் வெள்ளி நைட்ரேட் விட்டுப் பாருங்கள். வெண்கலங்கல் வந்தால் இன்னொரு முறை கழுவுங்கள்.