அப்பா பெயர் ஓப்பனிங் பேலன்ஸ்தான் சார்!

"அப்பன் போனோ... அதான் பையன் மைக் பிடிச்சுட்டான். எங்கப்பா பேர்ல ஒரு ரேஷன் கார்டுதான் இருந்துச்சு!"

நண்பர் இப்படிச் சொன்னதும் நானும் சிரித்துவிட்டேன். விஷயம் இதுதான். இன்ஹேலர் என்கிற டப்ளின் ராக் குழுவின் பாட்டை அவருக்குப் போட்டுக் காட்டினேன். 'அட, பரவாயில்லையே' என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தவர், பாடுவது யு2 போனோவின் மகன் எலைஜா ஹ்யூசன் என்று தெரிந்ததும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார். பாட்டு அதே பாட்டுதான் சார். நடுவில் சேர்ந்தது ஓர் அப்பா பெயர்!

நண்பர் கட்சியில் நியாயம் இல்லாமல் இல்லை. டப்ளினில் கிடார் வைத்திருக்கும் பையன்கள் எத்தனையோ பேர். பத்திரிகைக்காரர்கள் முதலில் யார் வீட்டு வாசலில் நிற்பார்கள்? அப்பாவால் சில கதவுகள் திறக்கும் என்பதை எலைஜாவே பேட்டிகளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். குரலிலும் அப்பா வாடை உண்டு. 2021-ல் வந்த முதல் ஆல்பம் அயர்லாந்திலும் பிரிட்டனிலும் முதலிடம். அப்பாவின் யு2-வுக்கோ 1980-ல் முதல் ஆல்பம் வந்தது. பிரிட்டனில் முதலிடம் கிடைத்தது 1983-ல், மூன்றாவது ஆல்பத்துக்குத்தான்! "பாத்தியா, பாத்தியா" என்று நண்பர் துள்ளுவது காதில் விழுகிறது.

துள்ளட்டும். நான் பி.காம். படித்தவன். ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டுக் கணக்குப் புத்தகத்தை மூடினால் எங்கள் வாத்தியார் தலையில் குட்டுவார். வரவில் அப்பா பெயரை எழுதியாச்சு. பற்றில்? நன்றாகப் பாடினால் 'ரத்தம் பேசுது'. சொதப்பினால் 'அப்பன் மானத்தை வாங்கிட்டான்'. இரண்டிலும் பையன் உழைப்புக்கு ஒரு பைசா கிரெடிட் இல்லை!

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. இன்ஹேலரில் மொத்தம் நாலு பேர். பேஸ் கிடார் ராபர்ட் கீட்டிங், கிடார் ஜோஷ் ஜென்கின்சன், டிரம்ஸ் ரயன் மக்மஹன். இந்த மூன்று பேருக்கும் போனோ அப்பா இல்லை. பள்ளிக்கூட வயசிலிருந்து சேர்ந்து வாசிக்கிற பையன்கள். 'அப்பன் தயவு' என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதும்போது, எலைஜாவோடு சேர்த்து இந்த மூன்று பேரின் விரல் காய்ப்பையும் அழித்துவிடுகிறோம். அவங்க என்ன பாவம் பண்ணாங்க?

பெரிய பெயர் இருந்தால் போதுமா என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று. பாப் டிலனின் மகன் ஜேகப் டிலன். அவருடைய குழு வால்ஃப்ளவர்ஸ். 1992-ல் முதல் ஆல்பம். டிலன் என்ற பெயருக்கே ஜனங்கள் அள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும் இல்லையா? போகவில்லை. ஆல்பம் படுத்தது. கம்பெனியும் கையை விட்டுப் போனது. நாலு வருஷம் கழித்து 1996-ல் இரண்டாவது ஆல்பம். அமெரிக்காவில் 40 லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்றிதழ்! 1998-ல் 'ஒன் ஹெட்லைட்' பாட்டுக்கு இரண்டு கிராமி. அதே ராத்திரி அப்பாவுக்கும் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி. 1992-லும் அதே அப்பாதான், 1996-லும் அதே அப்பாதான். மாறியது பாட்டு!

அப்பன் வெட்டின கிணறு என்பதற்காக மகனே உப்புத் தண்ணியைக் குடிக்க மாட்டான். ஊர் ஜனங்கள் குடிப்பார்களா? வேடிக்கை பார்க்க ஒரு தரம் வருவார்கள். இன்ஹேலர் 2023-ல் இரண்டாவது ஆல்பம், 2025-ல் மூன்றாவது ஆல்பம் என்று வந்துகொண்டே இருக்கிறது. வேடிக்கைக் கூட்டம் மூன்று ஆல்பம் வரை நிற்காது சார்.

ஆபீசில் சிபாரிசில் வந்தவனைப் பார்த்தால் நமக்கு வயிறு எரிகிறது. எரியத்தான் செய்யும். ஆனால் ஒன்று சொல்கிறேன், வெளியில் சொல்லாதீர்கள். என் முதல் வேலையே மாமா சிபாரிசுதான். ஒரு வருஷம் வரை எனக்கு 'மாமா பையன்' என்றுதான் பெயர். மார்ச் 31 ராத்திரி பதினொன்றரை மணிக்கு டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாமல் முழித்தபோது மாமா வரவில்லை. அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். நாலு ரூபாய் வித்தியாசத்தைத் தேடிப் பிடித்தது நான்தான். அன்றைக்கு அப்புறம்தான் ஆபீசில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

ஓப்பனிங் பேலன்ஸ் அப்பாவுடையது. குளோசிங் பேலன்ஸை அவனவன்தான் எழுத வேண்டும். பாட்டு பிடிக்கவில்லையா, தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்!

இன்ஹேலரின் முதல் ஆல்பத்துக்கு அவர்கள் வைத்த பெயருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? 'எப்பவும் இப்படியே இருக்காது.'

நேற்று நண்பர் போன் பண்ணினார். "அந்த இன்ஹேலர் பாட்டு இன்னொண்ணு இருந்தா அனுப்புப்பா... சும்மாதான்!"