இடுக்கை அடைத்தால் குளிர் போகும்... காற்றையே அடைத்தால் உயிர் போகும்!

உறைபனிக்கு முன் ஊட்டி வீடுகளில் செய்ய வேண்டியது என்ன?

ஊட்டி தாவரவியல் பூங்காவில் பூச்செடிக்குக் கூடப் போர்வை உண்டு. பனிக்காலம் வந்துவிட்டால், கோத்தகிரி மிலார் செடிகளைக் கொண்டுவந்து பாத்திகளை மூடி விடுவார்கள். பனியில் இலை கருகக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

செடிக்குப் போர்வை, சரி. அதே ஊரில் தகரக் கூரைக்குக் கீழே படுத்திருக்கும் மனிதனுக்கு?

அவனுக்கும் கம்பளி இருக்கிறது. ஆனால் அவன் வீட்டுக்குப் போர்வை இல்லை. வினை அங்கேதான் ஆரம்பம்!

வீட்டுக்குள் மழை!

கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் ஊட்டி. நவம்பர் வாக்கில் நீர்ப்பனியாகத் தொடங்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனியாக இறுகும். காந்தல், தலைகுந்தா பக்கம் விடிகாலையில் புல்வெளியெல்லாம் உப்பைக் கொட்டியது போல வெள்ளை வெளேர் என்று கிடக்கும். வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரும்.

மேகம் இல்லாத, காற்று அசையாத ராத்திரிதான் உறைபனிக்குத் தோதான ராத்திரி. பகலில் வாங்கிய சூட்டைப் பூமி வானத்துக்குத் திருப்பிக் கொடுத்து விடுகிறது. தகரக் கூரையும் அப்படித்தான். வெளிக் காற்றைவிடக் கூடுதலாகவே சில்லிட்டுப் போகும். உள்ளே படுத்திருப்பவர்களின் மூச்சு, சமையல் ஆவி எல்லாம் மேலே போய் அந்தத் தகரத்தில் பட்டு நீராகும். விடியற்காலையில் சொட்டுச் சொட்டாக மூஞ்சியில் விழும்.

“ஏங்க, கூரை ஒழுகுதா பாருங்க!” என்பார் வீட்டுக்கார அம்மா.

கூரை ஒழுகவில்லை. வீடுதான் அழுகிறது!

தோடர் சொன்ன பாடம்

இதற்கு வைத்தியம் புதிதல்ல. நீலகிரியின் பழங்குடிகளான தோடர்களின் வீட்டைப் பாருங்கள். மூங்கிலை வளைத்து, பிரம்பால் கட்டி, மேலே கனமாகப் புல் வேய்ந்த அரைவட்டக் கூரை. வாசலோ மூன்றடி உயரம்தான். குனிந்து, தவழ்ந்துதான் போக வேண்டும். ஜன்னல் கிடையாது. சின்ன வாசல் என்பதால் உள்ளே இருக்கும் சூடு எளிதில் வெளியே ஓடாது. கனத்த புல்லுக்குள் சிக்கிய காற்று, குளிரை உள்ளே விடாது.

சூட்சுமம் அந்தச் சிக்கிய காற்றில்தான் இருக்கிறது. ஓடுகிற காற்று சூட்டைத் திருடும். நிற்கிற காற்று சூட்டைக் காக்கும். கம்பளி செய்வதும் அதேதான். இன்று கடைகளில் விற்கும் தெர்மோகோல் பலகையில் நூறில் 98 பங்கு வெறும் காற்று!

கூரைதான் முதல் செலவு

சூடான காற்று மேலே போகும். ஆகவே கையில் இருக்கும் காசை முதலில் கூரைக்குப் போடுவதே புத்திசாலித்தனம். தகரத்துக்குக் கீழே கொஞ்சம் இடைவெளி விட்டுப் பலகையால் சீலிங் அடித்தால், நடுவில் நிற்கும் காற்றே மெத்தையாகி விடும். பழைய பங்களாக்களில் இன்றும் மரச் சீலிங்கைப் பார்க்கலாம்.

தெர்மோகோல் ஒட்டுவோர் ஒன்றை மறக்கக் கூடாது. அது சட்டென்று தீப்பிடிக்கும். அதன் புகையும் பொல்லாதது. அடுப்படிக்கு மேலும், பல்பு ஒயர் போகும் இடத்திலும் அது வேண்டவே வேண்டாம்.

அடுத்தது இடுக்குகள். சுவரும் கூரையும் சேரும் இடம், ஜன்னல் கண்ணாடியின் ஓரம், கதவுக்கு அடியில் இருக்கும் சந்து... ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஓரமாகக் காட்டினால் போதும். புகை எங்கே ஆடுகிறதோ அங்கே திருட்டு வழி இருக்கிறது! கண்ணாடி ஓரத்துக்குப் பட்டி வைக்கலாம். கதவடிக்குப் பழைய சேலையைச் சுருட்டி வைக்கலாம். சாக்குத் துணியில் மணல் நிரப்பிப் போடலாம்.

குளிர் மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். பகலில் தெற்கு ஜன்னல் திரையை விலக்கி விட்டால் வெயில் உள்ளே வரும். காசில்லாத கணப்பு! வெயில் இறங்கியதும் திரையை மூடி விட வேண்டும்.

கூரை வேலையை மழை நின்ற நாளில், பனி இறுகுமுன் முடித்துக் கொள்வது நல்லது. ஈரம் காயாத பலகையை அடித்தால், காய்ந்ததும் அதுவே இடுக்கு விடும்.

ஓசையில்லாமல் வரும் எமன்

இவ்வளவும் செய்தாயிற்று. வீடு கும்மென்று இருக்கிறது. இப்போதுதான் ஆபத்து!

“இன்னும் கொஞ்சம் குளிருதே... அந்தக் கரி அடுப்பை உள்ளே கொண்டாந்து வைம்மா” என்று ஒரு குரல் எழும். சமையல் முடிந்த அடுப்பில் தணல் கனன்று கொண்டிருக்கும். புகை இல்லை, வாடை இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்து விடுவார்கள்.

மலை ஊர்களில் குளிர்காலச் சாவுகளுக்கு இது ஒரு காரணம். கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வருகிறது. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்து கொள்ளும். பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்பு இதற்கு! முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, குமட்டல், அசதி. தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது.

இடுக்கு உள்ள வீட்டில் இந்த வாயு கொஞ்சமாவது வெளியே போகும். இடுக்கை அடைத்த வீட்டில் போக வழி ஏது? குளிருக்காகச் செய்த காரியமே கூண்டாகி விடும்.

பழைய பங்களாக்களில் கணப்புக்கு மேலே புகைபோக்கி வைத்தது அழகுக்காக அல்ல. நெருப்பு உள்ளே, நச்சு வெளியே என்பதுதான் அதன் கணக்கு. ஓட்டலில், தங்கும் விடுதியில், கூடாரத்தில் கரி மூட்டிக் கறி சுட்டுவிட்டு, மிச்சத் தணலை அறைக்குள் கொண்டு போகும் சுற்றுலாக்காரர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். காற்றோட்டம் இல்லாத குளியலறையில் கேஸ் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கும்தான்!

யாராவது மயங்கிக் கிடந்தால், ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்காரக் கூடாது. மூச்சைப் பிடித்துக் கொண்டு முதலில் கதவு, ஜன்னலைத் திறக்க வேண்டும். ஆளை வெளிக் காற்றுக்குத் தூக்கி வந்து 108-க்குப் போன் செய்ய வேண்டும். அடுப்பை அணைப்பது அதற்குப் பிறகு.

மேலே உள்ள வெண்டிலேட்டரை மட்டும் அடைக்காதீர்கள். ஒரு சாண் திறப்பு வழியாகப் போகிற சூட்டை இன்னொரு கம்பளியால் ஈடுகட்டி விடலாம்.

இன்று ராத்திரி படுக்கப் போகுமுன் கரி அடுப்பு எங்கே இருக்கிறது என்று ஒரு தரம் பார்த்துக் கொள்ளுங்கள். அது இருக்க வேண்டிய இடம் வாசலுக்கு வெளியே!