பின்வரிசைக்காரரின் தோள்

எப்படி இயங்குகிறது? காரின் பின்பக்க ஸ்டெபிலைசர் பார்

ஆரணிப் பக்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் பின்கட்டு. விறகடுப்பிலிருந்து இறக்கிய பிரியாணி அண்டாவைப் பந்திக்குக் கொண்டுபோக வேண்டும். அண்டாவின் இரண்டு பக்க வளையங்களிலும் பக்கத்துக்கொரு மூங்கில் கழியைச் செருகி, முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் தூக்குகிறார்கள். நேராக நடக்கும்வரை தொல்லை இல்லை. பந்திக்கூடத்துக்குத் திரும்பும் மூலையில்தான் வினை. வேகம் குறையாமல் வலப்பக்கம் திரும்பினால் அண்டா இடப்பக்கம் சாயும். இடப்பக்கத்து ஆட்கள் இருவர் கையும் தாழும், பாரம் ஏறும். வலப்பக்கத்து ஆட்களுக்குப் பாதி பாரம் காணாமல் போகும். தரையோ கழுவிவிட்ட ஈரத்தரை.

இதில் அண்டாதான் காரின் உடம்பு. நாலு பேரின் கைகள் ஸ்பிரிங்குகள், தரையில் ஊன்றிய பாதங்கள் டயர்கள். இந்த நாலு பேரையும் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பின்பக்க ஸ்டெபிலைசர் பாரைக் கொஞ்சம் தடிமனாக மாற்றினால் வண்டி வளைவில் நன்றாகத் திரும்பும் என்று சொல்கிறார்களே, அது எதனால் என்பதை இவர்களே சொல்லிவிடுவார்கள்.

பின்னால் வரும் இருவரும் தங்கள் கைகளுக்கிடையே குறுக்கே ஒரு உருட்டுக்கட்டையைச் சேர்த்துப் பிடிக்கிறார்கள் என்று வையுங்கள். இப்போது இடக்காரர் கை மட்டும் தாழ முடியாது. தாழ்ந்தால் கட்டை வலக்காரர் கையையும் கூடவே கீழே இழுக்கும். இருவர் கையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தாக வேண்டும். அண்டாவின் சாய்வு குறைந்துவிட்டது. ஒரு படி ஏறும்போது இருவர் கையும் சேர்ந்து உயர்ந்தால் கட்டைக்கு வேலையே இல்லை, அதுவும் கூடவே உயரும். காரில் இரண்டு பின்சக்கரங்களையும் குறுக்கே இணைக்கும் கம்பியான இந்த பாரும் அப்படித்தான். வேகத்தடையின் மேல் இரண்டு பின்சக்கரமும் ஒன்றாக ஏறினால் அது தன்னைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷுக்குள் சும்மா சுழன்று கொடுக்கும். ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கினால்தான் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கத்தின் எதிர்ப்புதான் அது நமக்குத் தரும் மொத்தச் சேவை.

சாய்வு குறைந்தது, எனவே வண்டி நன்றாகத் திரும்புகிறது என்று இத்தோடு முடித்துவிடுபவர்கள் நிறைய. உண்மையில் அது பாதிக் கதைகூட இல்லை. மூலையில் திரும்பும்போது இடப்பக்கம் தள்ளும் பாரம் எவ்வளவு என்பதை அண்டாவின் எடை, அதன் உயரம், திரும்பும் வேகம், இடக்காரருக்கும் வலக்காரருக்கும் நடுவே உள்ள அகலம் ஆகிய நான்கும் தீர்மானிக்கின்றன. குறுக்குக்கட்டையைப் பிடித்தாலும் விட்டாலும் அந்த மொத்தக் கணக்கு மாறப்போவதில்லை. மாறுவது ஒன்றே ஒன்று: அந்தத் தள்ளலை முன்வரிசை எவ்வளவு தாங்குகிறது, பின்வரிசை எவ்வளவு தாங்குகிறது என்பது. எந்த வரிசை இறுகி நிற்கிறதோ அதன் தலையில்தான் அதிகம் விழும். பின்வரிசை கட்டையை இறுக்கிப் பிடித்ததும், பின்னால் இடப்பக்கம் நிற்பவர் பாதத்தில் பாரம் இன்னும் ஏறுகிறது, வலப்பக்கம் நிற்பவர் பாதத்தில் இன்னும் குறைகிறது. முன்வரிசை இருவருக்கும் இடையே இருந்த ஏற்றத்தாழ்வு அதே அளவுக்குத் தணிகிறது.

தணிந்தால் என்ன லாபம்? ஈரத்தரையில் ஒருவர் பாதத்தில் இரண்டு மடங்கு பாரம் ஏறினால் அவருடைய பிடிமானம் இரண்டு மடங்கு ஆவதில்லை. கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். ரப்பர் டயருக்கும் இதே குணம். ஒரு கணக்குக்கு, 300 கிலோ பாரத்தில் ஒரு டயர் 270 கிலோ பக்கவாட்டுப் பிடி தருகிறது என்று வைப்போம். 400 கிலோ ஏற்றினால் 360 வராது, 340 வரலாம். 200 கிலோவில் 190. இரண்டு டயரும் சமமாக 300 சுமந்தால் மொத்தப் பிடி 540. ஒன்று 400, மற்றது 200 என்றால் 530. அதே அறுநூறு கிலோதான், பத்து கிலோ பிடி எங்கோ கரைந்துவிட்டது. ஒரு வரிசையில் இடவல வித்தியாசம் கூடக்கூட அந்த வரிசையின் பிடி குறையும். பின்பக்க பாரைத் தடிமனாக்கும்போது நாம் செய்வது இதுதான்: பின்வரிசையின் பிடியில் கொஞ்சம் கெடுத்து, முன்வரிசைக்குக் கொஞ்சம் சேர்க்கிறோம். புதிதாகப் பிடி எதுவும் பிறப்பதில்லை.

இதை நம் ஊர் ஹேட்ச்பேக் ஒன்றில் போட்டுப் பார்க்கலாம். எடை 1,100 கிலோ, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர், சக்கர அகலம் 1.45 மீட்டர். 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் சுமார் 44 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு ஏறக்குறைய 190 கிலோ இடம் மாறும். இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்னால் இருப்பதால் ஏற்கெனவே எடையில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் முன்சக்கரங்கள் மீது. திருப்புவதும் இழுப்பதும் அவைதான். அந்த 190-இல் 120-ஐ முன்வரிசையும் 70-ஐப் பின்வரிசையும் தாங்கினால், முதலில் தோற்பது முன் டயர். ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி வளைவுக்கு வெளியே ஓடும். பின்பக்க பார் இறுகி, பங்கு 100-க்கு 90 என்று ஆனால், அதே வளைவில் மூக்கு உள்ளே திரும்பும்.

கம்பெனிக்காரர்களுக்கு இது தெரியாதா என்று கேட்கலாம். நன்றாகவே தெரியும். வேண்டுமென்றேதான் முன் டயர் முதலில் தோற்கும்படி வைக்கிறார்கள். வண்டி வெளியே ஓடினால் யாராக இருந்தாலும் பயந்து ஆக்ஸிலரேட்டரை விடுவார், ஸ்டியரிங்கை இன்னும் திருப்புவார். ஆக்ஸிலரேட்டரை விடுவதுதான் அதற்குச் சரியான வைத்தியம். பின்பக்கம் வழுக்கினால் எதிர்த்திசையில் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். அது பழகியவருக்கு மட்டுமே கைவரும்.

பாரின் தடிமனைப் பற்றிப் பேசும்போது மில்லிமீட்டரை அற்பமாக நினைக்கக் கூடாது. முறுக்கத்தை எதிர்க்கும் வலு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 16 மில்லிமீட்டர் பாரை 18 ஆக்கினால் விட்டம் எட்டில் ஒரு பங்குதான் கூடியது, வலுவோ 1.6 மடங்கு. 19-லிருந்து 22 என்றால் ஏறக்குறைய 1.8 மடங்கு. உலோகத்தின் வெளிவிளிம்புதான் முறுக்கத்தைத் தாங்குகிறது, நடுப்பகுதி பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் குழாய் வடிவ பார்கள் வந்தன. 25 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 4 மில்லிமீட்டர் சுவரும் உள்ள குழாய், அதே தடிமனுள்ள கெட்டித் தண்டின் எடையில் 54 விழுக்காடுதான் இருக்கும். வலுவில் 79 விழுக்காடு தந்துவிடும். சில பார்களின் நுனியில் இரண்டு மூன்று துளைகள் இருக்கும். பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க் ராடை உள்துளையில் மாட்டினால் நெம்பும் நீளம் குறைந்து பார் இறுகும், வெளித்துளையில் மாட்டினால் தளரும். பணம் போட்டு வாங்குகிறவர் இந்த மாதிரி துளையுள்ளதாகவே வாங்கலாம். முதலில் தளர்ந்த துளையில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யும் வசதி அதில் மட்டும்தான் உண்டு.

இந்தக் கம்பிக்கு நூறு வயதைத் தாண்டிவிட்டது. கனடாவின் பிரெடெரிக்டன் ஊரைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் 1919-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். நம்மிடம் இது வந்து ஒட்டிக்கொண்ட விதம் விசித்திரமானது. மாருதி 800-இல் முன்பக்க பார் சாய்வைத் தடுப்பதோடு, சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கையை (லோயர் ஆர்ம்) முன்பின் ஆடாமல் பிடித்து நிறுத்தும் வேலையையும் சேர்த்துப் பார்த்தது. ஒரு சம்பளத்துக்கு இரண்டு வேலை. அதன் புஷ் தேய்ந்தால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுப்பது இதனால்தான்.

இன்றைக்கு ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20 போன்ற வண்டிகளின் அடியில் குனிந்து பின்பக்க பாரைத் தேடினால் தனியாக ஒன்று கண்ணில் படாது. இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் குறுக்கு உத்தரமே முறுக்கிக் கொடுத்து அந்த வேலையைச் செய்கிறது. டுவிஸ்ட் பீம் என்பார்கள். இந்த வகை வண்டிகளுக்கு மேம்படுத்துவது என்றால், உத்தரத்தோடு கூடுதலாக ஒரு பாரைப் போல்ட் போட்டு இறுக்குவது. பழைய ஹோண்டா சிவிக், மஹிந்திராவின் எக்ஸ்யூவி500 போல ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியாக இயங்கும் வண்டிகளில்தான் தனி பாரைக் கழற்றித் தடிமனானதை மாட்ட முடியும். ஆம்னி போலப் பின்சக்கரம் தள்ளும் வண்டியில், என்னைக் கேட்டால், தொடவே வேண்டாம். பின்பக்கம் இறுகினால் வளைவில் உள்பக்கச் சக்கரம் லேசாகும். இன்ஜினின் பலம் முழுவதும் அந்த லேசான சக்கரத்தின் வழியே வெறுமனே சுற்றிப் போய்விடும்.

இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடத்துக்குப் போனவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமாக இருக்கும். 1990-இல் திறந்த, 3.717 கிலோமீட்டர் சுற்று கொண்ட தடம் அது. முன்சக்கர இழுவை கொண்ட பந்தயக் கார்கள் வளைவில் புகும்போது பின்பக்க உள்சக்கரம் தரையை விட்டு எழும்பி அந்தரத்தில் சுற்றும். நம் நாலு பேரில் பின்வரிசை வலக்காரர் கட்டையில் தொங்குகிறார், கால் தரையில் இல்லை. பின்வரிசையின் மொத்தப் பாரமும் ஒரே பாதத்தில். பார்க்கப் பகீரென்று இருந்தாலும் அங்கே அது திட்டமிட்டுச் செய்தது. முன் டயர் இரண்டும் அழுத்தமாகப் பதிந்து இழுக்கின்றன. எழும்பிய சக்கரத்துக்கு இழுக்கும் பொறுப்பு எதுவும் இல்லை.

தடத்தில் தார் ஒரே சீராக இருக்கிறது, எதிரே லாரி வருவதில்லை. நம் பக்கத்துச் சாலை வேறு. ஆரணியிலிருந்து போளூர் வரைக்கும் சமதளம். வடமாதிமங்கலம் அருகே திருமலையில் நேமிநாதரைப் பார்க்கப் போகிறவர் ஆயுளுக்கும் இந்த பார் இல்லாமலே போய் வரலாம். போளூரைத் தாண்டி ஜமுனாமரத்தூருக்கு ஜவ்வாது மலை ஏறும்போதுதான் வித்தியாசம் கையில் படும். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியபடியே கொண்டை ஊசியில் திருப்பும்போது வண்டி சோம்பல்படாமல் உள்ளே வரும். அதே வளைவில் இறங்குவது வேறு சமாச்சாரம். ஐப்பசி மழை, ஈர இலை, ஓரத்தில் அரித்துக் கிடக்கும் மணல். எதிரே பஸ்ஸைப் பார்த்ததும் வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பாரம் முன்னால் பாயும். ஏற்கெனவே பிடி குறைத்து வைத்திருக்கும் பின் டயர்கள் வழுக்கத் தொடங்கும். மூக்கு உள்ளே, வால் பள்ளத்தின் பக்கம். வறண்ட சாலையில் இனித்த அதே குணம்தான் இது.

இன்னொரு விலையும் உண்டு. சாலையோரம் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால், கட்டை மறுபக்கத்துக் கையையும் சேர்த்து உலுக்கும். பின்சீட்டில் இருப்பவர்கள் இடவலமாகத் தலையாட்டிக்கொண்டு வருவார்கள். வயதான அம்மாவைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு தினமும் ஓட்டுகிறவர் இதை யோசித்துக்கொள்ளட்டும்.

வண்டி திரும்பவில்லை என்று பட்டறைக்கு வருகிறவர்களில் பலருக்கு பாரே பிரச்சினை இல்லை. டயர் காய்ந்து ஐந்தாறு வருடமாகியிருக்கும், காற்று குறைந்திருக்கும், அல்லது குழியில் ‘டக் டக்’ என்று சத்தம் வரும். மெக்கானிக் ஒரு கடப்பாரையால் நெம்பிப் பார்த்து, “லிங்க் ராடு போயிடுச்சு சார்” என்பார். இவற்றைச் சரிசெய்யாமல் தடிமனான பாரை மாட்டுவது, ஈரத்தரையைத் துடைக்காமல் கட்டையை இறுக்கிப் பிடிப்பதுதான். முதல் காசு நல்ல டயருக்குப் போகட்டும். அது நாலு பாதத்துக்கும் ஒரே நேரத்தில் பிடி கொடுக்கும்.

மாட்டுவதென்றே முடிவு செய்தால், சட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் அதை அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் அடியில் குனிந்து பார்ப்பார். பந்தயத் தடத்துக்கு மட்டும் ஓட்டும் வண்டி என்றால் இந்தக் கவலை இல்லை.

பட்டறையில் கவனிக்க வேண்டியது ஒன்று. லிங்க் ராடின் கடைசி இறுக்கத்தை வண்டி லிஃப்டில் தொங்கும்போது கொடுக்கக் கூடாது. சக்கரம் நாலும் தரையில் பதிந்து, வண்டி தன் எடையில் உட்கார்ந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும். பாலியூரித்தேன் புஷ் என்றால் அதோடு வரும் கிரீஸைத் தாராளமாகத் தடவச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பார் புஷ்ஷுக்குள் சுழலும்போதெல்லாம் கீச்சிடும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை அடியில் போய், பாரைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டுகளின் ஓரத்தில் தகரம் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார் மட்டும்தான் தடிமனாகியிருக்கிறது, அதைத் தாங்கும் தகரம் கம்பெனி போட்டது.