பின்சக்கரத்தின் ஒரு மில்லிமீட்டர்

இடப்பக்க வளைவுகளில் கார் சொன்னபடி கேட்கிறது. வலப்பக்கம் திரும்பினாலோ வால் வெளியே வீசுகிறது. நேர்ப்பாதையில் நேராகத்தான் ஓடுகிறது. ஆனால் ஸ்டியரிங் மட்டும் சற்றே இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. பந்தயத்துக்காகத் தாழ்த்தி மாற்றியமைத்த கார்களில் இது பழகிப்போன புகார். கையில் இருப்பது ஸ்டியரிங் என்பதால் சந்தேகம் முதலில் முன்சக்கரங்கள் மேல் விழும். கோளாறோ பின்னால் இருக்கும்.

காரை மேலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் முன்விளிம்பு காரின் மையக்கோட்டை நோக்கிச் சற்றே உள்ளே திரும்பியிருந்தால் அது டோ-இன். வெளியே திரும்பியிருந்தால் டோ-அவுட். 58 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயரில் ஒரு டிகிரி என்பது முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையே சுமார் 10 மில்லிமீட்டர் வேறுபாடு. கால் டிகிரி என்றால் இரண்டரை மில்லிமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கால் டிகிரியோடு ஓடும் டயர், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 4.4 மீட்டர் பக்கவாட்டில் தேய்ந்தபடி போகிறது.

நேர்ப்பாதையில் இதனால் தேய்மானமும் சூடும் கூடும், அவ்வளவுதான். வளைவில் கதை மாறுகிறது. கார் திரும்பும்போது எடை வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மாறுவதால், வாலின் போக்கைத் தீர்மானிப்பது அந்தச் சக்கரமே. அதற்கு டோ-இன் இருந்தால் வளைவின் உட்பக்கம் நோக்கித் தள்ளி வாலைப் பிடித்து வைக்கும். டோ-அவுட் இருந்தால் வாலை வெளியே இழுத்துப் போகும்.

இனி அந்தப் புகாருக்கு வருவோம். பின்சக்கரங்கள் இரண்டுமே இடப்பக்கம் நோக்கியிருந்தால் கார் நண்டுபோல் உடலைச் சாய்த்துக்கொண்டு ஓடும். அதற்கு இணையாக முன்சக்கரங்களையும் திருப்பிப் பிடிக்க வேண்டியிருப்பதால்தான் ஸ்டியரிங் சாய்கிறது. வலப்பக்க வளைவில் வெளிச்சக்கரம் இடப்பின்சக்கரம். அதற்கு அமைந்திருப்பது டோ-அவுட். இடப்பக்க வளைவில் வெளிச்சக்கரமான வலப்பின்சக்கரத்துக்கோ டோ-இன். ஒரே பிழை ஒரு வளைவில் உதவுகிறது, மறுவளைவில் கவிழ்க்கிறது. இரு பக்கத்து டோவையும் கூட்டி மொத்தமாக மட்டும் பார்த்தால் கணக்கு சரியாகவே தெரியும்.

1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 (மியாட்டா), அமெரிக்க அமெச்சூர் பந்தயங்களில் நிறையப் புழங்கும் கார். அதன் முதல் தலைமுறையில் பின்சக்கரம் ஒவ்வொன்றையும் மேலும் கீழுமாக இரு கைகள் தாங்குகின்றன. கீழ்க்கையின் இரண்டு போல்ட்டுகளில் மையம் விலகிய வட்டத்தட்டுகள் உண்டு. இரண்டையும் ஒரே திசையில் திருப்பினால் சக்கரத்தின் சாய்வான கேம்பர் மாறும். எதிரெதிராகத் திருப்பினால் டோ மாறும். அந்தப் போல்ட் துருவேறி இறுகலாம், தளர்ந்திருந்தால் ஓடுபாதை ஓரத்துக் கல்லில் இடித்ததும் நழுவலாம். அமைத்து முடித்ததும் பெயின்ட் கோடு ஒன்று இட்டு வைத்தால் நழுவியது உடனே தெரிந்துவிடும்.

குட்டையான ஸ்பிரிங் போட்டுக் காரைத் தாழ்த்தினால் கைகளின் கோணம் மாறி, கேம்பரும் டோவும் சேர்ந்தே மாறும். அதனால் சரிபார்ப்பதிலும் ஒரு வரிசை உண்டு. டயர் காற்று, சமதளம், ஓட்டுநர் இருக்கையில் அவரது எடை. பிறகு பேரிங்கிலும் புஷ்ஷிலும் ஆட்டம் உண்டா என்ற சோதனை. பிறகு உயரம், கேம்பர், கடைசியில் டோ. வரிசை பிசகினால் முதலில் சரிசெய்ததை அடுத்த வேலை கெடுத்துவிடும். ஜாக்கியிலிருந்து இறக்கிய கார் இயல்பான நிலைக்கு வர, சில மீட்டர் உருட்டிவிட்டே அளக்க வேண்டும்.

அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. காரின் இருபுறமும் மீன்பிடி நரம்பை நீளவாக்கில் இழுத்துக் கட்டினால் போதும். முன்சக்கரங்களுக்கு இடையிலான அகலமும் பின்சக்கரங்களுக்கு இடையிலான அகலமும் பெரும்பாலும் ஒன்றாக இராது. ஆகவே முன் அச்சில் இருபுறத் தூரமும் தமக்குள் சமம், பின் அச்சிலும் அப்படியே என்று நரம்பை நிறுத்த வேண்டும். பிறகு ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நரம்பிலிருந்து உள்ள தூரத்தைச் சக்கரம் சக்கரமாக அளந்தால், எது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது தெரிந்துவிடும்.

இவ்வளவும் நிற்கும் காரின் கணக்கு. ஓடும் காரில் ரப்பர் புஷ்கள் நசுங்குகின்றன. பிரேக் பிடிக்கையில் சக்கரம் பின்னோக்கி இழுபடுகிறது. சில பழைய அமைப்புகளில் அந்த இழுப்பே டோ-அவுட்டை உண்டாக்கி, வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவரைச் சுழற்றிவிட்டது. 1977-இல் வெளிவந்த போர்ஷே 928-இல் பொறியாளர்கள் அந்த நெகிழ்ச்சியைத் தடுக்கவில்லை, திசைதிருப்பினார்கள். அதே இழுப்பு சக்கரத்தை டோ-இன் பக்கம் திருப்பும்படி இணைப்புகளை அமைத்தார்கள். போர்ஷேயின் ஆய்வு மையம் இருக்கும் ஊரின் பெயரால் அது வைசாக் அச்சு எனப்பட்டது.

ஓடும்போது டோ மாறும் என்ற இந்தப் பாடம் மாற்றியமைத்த காரில் கோளாறைக் கண்டுபிடிக்கவும் உதவும். இறக்கி வைத்து அளந்தபோது சரியாக இருந்தும் வால் வீசினால், ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, ஒவ்வொரு உயரத்திலும் டோவை அளந்து பார்க்க வேண்டும். நெகிழ்ந்த புஷ்ஷையும் வளைந்த கையையும் நின்ற நிலை அளவு மறைத்துவிடும்; இந்தச் சோதனையும், கையால் சக்கரத்தை அசைத்துப் பார்ப்பதும் காட்டிக்கொடுக்கும். எல்லாரும் ஒரே வகை ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் போட்டாக வேண்டிய ‘ஸ்பெக் மியாட்டா’ போன்ற பந்தயங்களில், பணத்தால் வாங்க முடியாத வேகம் இந்த நிதானமான அளவெடுப்பில்தான் கிடைக்கிறது.